கண்ணாடி அலுமாரியில் இருந்த வெள்ளைக் கல்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவு, குருதி அமுக்கம் என்று தொடங்குவார் என எதிர்பார்த்திருப்பீர்கள். பயப்படாதீர்கள். எங்கள் வகுப்பின் சார்பில் இன்று பேச வந்திருப்பது நமது கடலில் முருகைக்கற்களுக்குள் வாழும் சின்னஞ்சிறு மீன்களைப் பற்றி.

உயர்தர உயிரியல் ஆய்வுகூடத்தின் மூலையில் ஒரு கண்ணாடி அலுமாரி இருந்தது பலருக்கும் நினைவிருக்கும். மேல்தட்டில் சங்குகள். கீழ்த்தட்டில் கிளைகிளையாக ஒரு வெள்ளைக் கல். "முருகைக்கல்" என்று அதில் சீட்டு ஒட்டியிருந்தது. செய்முறைக் கொப்பியில் அதைப் பார்த்து வரைந்தோம். நிறப் பென்சில் தேவைப்படவில்லை. முருகைக்கல் என்றால் வெள்ளை என்றே நம்பினோம். கடல் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அது யுத்த காலம். கரையில் நின்று பார்ப்பதுதான் எங்களுக்குக் கடல். நிலாவெளிக்கு எதிரே, ஒரு கிலோமீற்றர் அளவு தூரத்தில் தெரியும் புறாமலைக்குப் போவதை நாங்கள் நினைத்தும் பார்த்ததில்லை.

1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்ட அந்தத் தீவுக்கு நாங்கள் முதன்முதலில் போனது யுத்தம் முடிந்த பின்புதான். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனோம். முகக்கண்ணாடியை மாட்டித் தலையை நீருக்குள் அமிழ்த்தியபோது மண்ணிறம், இளம்பச்சை, ஊதா என்று ஒரு தோட்டமே தெரிந்தது. அதற்குள் கூட்டங்கூட்டமாகச் சிறு மீன்கள்.

அன்று கண்ணால் பார்த்தோம். அவற்றைப் பற்றிப் படித்தது பிறகுதான். பச்சை கலந்த நீல நிறத்தில் மின்னும் குரோமிஸ் மீன்கள் பகலில் கிளைகளுக்கு மேலே நின்று இரை தேடும். ஆபத்து வந்தால் ஒரே நொடியில் கிளைகளுக்குள் ஒடுங்கும். இரவிலும் அங்கேதான் தூக்கம். இதற்கு வாடகை உண்டு. இப்படிக் குடியிருக்கும் மீன்களின் கழிவு முருகைக்குப் பசளையாகிறது. சில இனங்கள் தூங்கும்போதும் செட்டையை அசைத்துக் கிளைகளுக்கிடையே நீரை ஓடவைக்கின்றன. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத கோபி மீனைப் பற்றி 2012இல் பீஜித் தீவுகளில் கண்டறிந்தது இன்னும் வியப்பானது. நச்சுப் பாசி படர்ந்தால் முருகை ஓர் இரசாயனச் சைகையை வெளிவிடுகிறது. அதை உணர்ந்த சில நிமிடங்களிலேயே கோபி வந்து பாசியைக் கடித்து அகற்றுகிறது. வைத்தியர்களாகிய எங்களுக்கு இது உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியை நினைவூட்டியது.

கடற்சாமந்திக்குள் வாழும் கோமாளி மீனையும் சொல்லியாக வேண்டும். அந்தக் குடும்பத்தில் ஆகப் பெரியவள் பெண். அவளே தலைவி. அவள் இறந்துவிட்டால் அவளுடைய துணையான ஆண் மீன் பெண்ணாக மாறித் தலைமை ஏற்கும். மகளிர் கல்லூரியில் சொல்லப் பொருத்தமான செய்திதானே!

இனி எங்கள் குற்றத்தைச் சொல்கிறோம். அன்று முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்ததும் எங்களில் சிலர் அதைச் சரிசெய்யக் காலடியில் கிடைத்ததன் மேல் ஏறி நின்றோம். முறுக்கு நொறுங்குவதுபோல் காலுக்குக் கீழே உடைந்தது. மறுபடி குனிந்து பார்த்தபோது அங்கே கிளை இல்லை. மீன்கள் மட்டும் அந்த இடத்தையே சுற்றிக்கொண்டிருந்தன. அதோடு விட்டோமா? உடைந்த துண்டொன்றை ஞாபகத்துக்காகப் பையில் போட்டுக்கொண்டு வந்தோம். தேசிய பூங்காவிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது என்ற சட்டத்தை அந்த நேரம் ஒருவரும் எண்ணவில்லை. இரண்டு நாளில் துண்டு நாறத் தொடங்கியது. கழுவி வெயிலில் வைத்தோம். ஒரு கிழமையில் வெள்ளையாகிவிட்டது. அப்போதுதான் அடையாளம் கண்டோம். அலுமாரியில் இருந்த அதே கல்! அத்தனை வருடமும் நாங்கள் பார்த்து வரைந்தது ஓர் எலும்புக்கூட்டை.

முருகைக்கல் வெறும் கல் அல்ல. பொலிப்புகள் என்னும் நுண்ணிய விலங்குகள் கட்டும் வீடு. அவற்றின் உடலுக்குள் குடியிருக்கும் அல்காக்கள் சூரிய ஒளியில் உணவு ஆக்கிக் கொடுக்கின்றன. மண்ணிறம் பெரும்பாலும் அவற்றால் வருவது. கடல் நீரின் வெப்பம் வழமையான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை செல்சியஸ் கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே முருகை அல்காக்களை வெளியேற்றிவிடும். நமக்கு 37 பாகை 38 ஆனால் காய்ச்சல் என்கிறோம் அல்லவா? அதுபோல்தான். வெளிறிய முருகை உடனே இறப்பதில்லை. பட்டினி கிடக்கிறது. நீர் விரைவில் குளிர்ந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் இறக்கும். முருகையையே தின்று வாழும் வண்ணாத்தி மீன்களுக்கு அதன்பிறகு உணவில்லை.

1998இல், நாங்கள் உயர்தரம் படித்த காலத்தில், ஹிக்கடுவையிலும் கற்பிட்டிப் பக்கத்திலும் முருகைப் பார்கள் பெருமளவில் வெளிறி அழிந்தன. திருகோணமலை முருகைகள் தப்பின. நாடு இழந்ததை அன்று நமது கடல் காப்பாற்றி வைத்திருந்தது. என்றைக்கும் அப்படித் தப்பும் என்று இருந்துவிட முடியாது. 2024 ஏப்ரலில், பதிவான நான்காவது உலகளாவிய வெளிறல் நடந்துகொண்டிருப்பதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

கடல் சூடாவதை நாம் தனியே நிறுத்த முடியாது. ஆனால் காய்ச்சலில் கிடப்பவரை யாரும் மிதிப்பதில்லை. வெடி வைத்து மீன் பிடிப்பது 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டப்படி குற்றம். இருந்தும் வெடிச்சத்தம் ஓயவில்லை. வெடி அதிர்வு காற்றுள்ள உறுப்பைத்தான் முதலில் கிழிக்கும். மனிதருக்கு நுரையீரலும் செவிப்பறையும், மீனுக்குக் காற்றுப்பை. பிடிக்க எண்ணிய பெரிய மீனோடு, யாருக்கும் வேண்டாத ஆயிரம் சிறு மீன்களும் அவற்றின் வீடும் போகின்றன. வெடியில் கையை இழந்தவர்களுக்கு மருந்து கட்டிய அனுபவமும் எங்களில் சிலருக்கு உண்டு. கடலை நம்பி வாழும் குடும்பத்துக்கு அந்தக் கை எவ்வளவு பெரியது என்பதை நாங்கள் விளக்கத் தேவையில்லை.

தங்கைமாரே, தெற்கே இலங்கைத்துறையிலிருந்து வடக்கே புல்மோட்டை வரை நீளும் கரை உங்களுடையது. புறாமலைக்குப் போங்கள். மிதவை அங்கி அணிந்து மிதந்தபடியே பாருங்கள். முகக்கண்ணாடியைச் சரிசெய்ய வேண்டுமென்றால் மணலுக்கு வாருங்கள். வெயிலுக்குக் களிம்பை அள்ளிப் பூசாமல் நீண்ட கைச் சட்டை போடுங்கள். எதையும் எடுத்து வராதீர்கள். முருகையின் கிளை வருடத்துக்குச் சில அங்குலமே வளரும். உருண்டைத் திரளாக வளரும் இனங்கள் சில ஒரு சென்ரிமீற்றரைக்கூட எட்டுவதில்லை.

அதிபர் அவர்களிடம் ஒரு சிறிய வேண்டுகோள். அந்த அலுமாரியும் கல்லும் இன்னும் இருந்தால், பழைய சீட்டுக்குக் கீழே இன்னொரு சீட்டு ஒட்ட எங்கள் வகுப்புக்கு அனுமதி தாருங்கள். வாசகம் எழுதி வைத்திருக்கிறோம்: "இது இறந்த முருகை. உயிரோடு இருந்தபோது இதன் நிறம் வெள்ளை அல்ல. இதற்குள் மீன்கள் தூங்கின."