ஊதிப் பார்த்து வாங்குவோம்

 

சந்தைக்குப் போகிறோம். மண்பானை வாங்குகிறோம். எப்படி வாங்குகிறோம்? விரலால் சுண்டிப் பார்க்கிறோம். "டங்" என்று ஒலித்தால் நல்ல பானை. "டொக்" என்றால் எங்கோ விரிசல் இருக்கிறது. மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம்.

சுண்டிப் பார்ப்பது, தொட்டுப் பார்ப்பது, கேட்டுப் பார்ப்பது எல்லாம் ஒரு படிப்புதான். இந்தப் படிப்பைக் கொண்டு ஓர் ஊர் தன் கோயிலுக்கு நாயனம் வாங்கிய கதையை இன்று பார்ப்போம். இது கற்பனைக் கதை. ஆனால் கதையில் வரும் கருவியும், அது பிறக்கும் ஊரும் உண்மையானவை.

இடுக்கி மலையில் ஒரு தேயிலை எஸ்டேட். அங்கே வேலை செய்பவர்களின் முன்னோர்கள் பல தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து மலையேறி வந்தவர்கள். வந்தபோது மாரியம்மனையும் கொண்டு வந்தார்கள். தவிலையும் நாயனத்தையும் கொண்டு வந்தார்கள்.

ஒரு வருடம் திருவிழாவில் சாமி ஊர்வலம் நடந்தது. பாதி வழியில் நாயனத்தின் ஒலி பிசிறியது. பெரியவர் மூச்சைக் கூட்டி ஊதிப் பார்த்தார். காற்றுதான் வந்தது. ஒலி வரவில்லை. பார்த்தால், குழலில் நீளமாக ஒரு விரிசல். ஊர்வலம் தவில் மட்டும் முழங்க முடிந்தது. எல்லோருக்கும் மனம் கனத்துப்போனது.

புது நாயனம் வாங்க வேண்டும். வீட்டுக்கு வீடு பணம் கொடுத்தார்கள். கொழுந்து கிள்ளிய கூலியில் மிச்சம் பிடித்த பணம் அது. குடும்பஸ்ரீ கூட்டத்தில் கணக்கு எழுதும் அக்காவிடம் அந்தப் பணத்தை ஒப்படைத்தார்கள். அக்கா நாற்பது வயதில் எழுதப் படிக்கக் கற்றவர்.

கமிட்டித் தலைவர் சொன்னார்: "டவுன் கடையில ஒண்ணு தொங்குது. கண்ணாடி மாதிரி மின்னுது. அதையே வாங்கிடலாம்."

பெரியவர் தலையசைத்தார். "மின்னுறது கண்ணுக்குத்தானே ஐயா? நாயனம் காதுக்கு இல்லையா? ஊதிப் பாக்காம வாங்க வேண்டாம். இது ஊர்க்காசு. ஒரு தடவை வாங்கினா, நம்ம பேரப்பிள்ளை காலம் வரைக்கும் ஊதணும்."

"அப்போ எங்கே போகலாம்?" என்று அக்கா கேட்டார்.

"நரசிங்கம்பேட்டைக்குப் போகலாம் அம்மா."

நரசிங்கம்பேட்டை எங்கே இருக்கிறது? தஞ்சாவூர் மாவட்டத்தில், கும்பகோணத்துக்குக் கிழக்கே இருக்கிறது. அங்கே ஆசாரிமார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நாகசுவரம் செய்து வருகின்றன. நாகசுவரத்தைத்தான் நாம் நாயனம் என்கிறோம். 2022-ஆம் ஆண்டில் நரசிங்கம்பேட்டை நாகசுவரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தப் பொருள் இந்த ஊருக்கு உரியது என்று சட்டப்படி தரும் அடையாளம் அது. வேறு ஊரில் செய்ததை இந்த ஊர்ப் பெயரில் விற்கக்கூடாது.

நம் பாலக்காட்டிலும் இப்படி ஓர் ஊர் உண்டு. பெருவெம்பு என்று பெயர். மத்தளம், செண்டை முதலிய தோல் கருவிகளுக்குப் பேர் பெற்ற ஊர். தோல் கருவிக்கு ஓர் ஊர். குழல் கருவிக்கு ஓர் ஊர். தொழில் தெரிந்தவர் இருக்கும் இடத்துக்குப் போய் வாங்குவது நல்லது. அங்கே கேள்வி கேட்கலாம். குறையைச் சொன்னால் சரிசெய்து கொடுப்பார்கள்.

நால்வர் புறப்பட்டார்கள். பெரியவர், அவரிடம் கற்கும் பத்தொன்பது வயதுத் தம்பி, தவில்காரர், அக்கா. குமுளி வழியாக மலையிறங்கி, மதுரை, திருச்சி கடந்து கும்பகோணம் போனார்கள். பெரியவர் தம் மடியில் ஒரு சின்னப் பெட்டியைப் பத்திரமாக வைத்திருந்தார்.

"அதுல என்ன அண்ணே?" என்று அக்கா கேட்டார்.

"சீவாளி அம்மா. நாயனத்துக்கு நாக்கு."

நாயனத்தின் உறுப்புகளை இங்கே தெரிந்துகொள்வோம். நீளமான மரக்குழலுக்கு உலவு என்று பெயர். அது மேலே குறுகி, கீழே அகன்று இருக்கும். கீழே விரிந்த வாய்க்கு அணசு என்று பெயர். மேல் முனையில் ஒரு சிறு உலோகக் குழாய் இருக்கும். அது கெண்டை. கெண்டையின் மேல் சீவாளி இருக்கும். சீவாளியைக் கொறுக்கை என்னும் நாணலில் செய்கிறார்கள். காவிரிக் கரையில் வளரும் நாணல் அது. ஊதும்போது சீவாளிதான் அதிர்கிறது. அந்த அதிர்வு குழலுக்குள் போய்ப் பெரிய ஒலியாக வெளிவருகிறது.

உலவின் மேற்பகுதியில் விரல் வைக்க 7 துளைகள் உண்டு. கீழே இன்னும் 5 துளைகள் உண்டு. அவற்றில் விரல் வைப்பதில்லை. வேண்டிய அளவு மெழுகால் அடைத்துச் சுருதியைச் சரிசெய்வார்கள்.

பட்டறையில் ஆசாரி மூன்று நாயனங்களை எடுத்து வைத்தார். மூன்றும் ஆச்சா மரத்தில் கடைந்தவை. ஆச்சா மரம் வைரம் பாய்ந்த மரம். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்தரமும் தூணும் இதற்கு மிக நல்லவை. பல காலம் காய்ந்த மரம் பிறகு சுருங்காது, எளிதில் வெடிக்காது.

மூன்றில் ஒன்று நன்றாக மெருகேற்றி, பூண் போட்டு மின்னியது. மற்ற இரண்டும் சாதாரணமாக இருந்தன. அக்கா சாக்கட்டியால் 1, 2, 3 என்று எண் போட்டார். மின்னியது 3-ஆம் எண்.

முதலில் பெரியவர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தார். உட்புறம் வழவழப்பாக இருக்க வேண்டும். வெளியே விரிசல் இருக்கக்கூடாது. மூன்றும் நன்றாகவே இருந்தன.

தம்பி 1-ஆம் நாயனத்தை எடுத்தான். அங்கே கிடந்த ஒரு சீவாளியைப் போட்டு ஊதினான். பிறகு 2-ஆம் நாயனத்தில் வேறு சீவாளியைப் போட்டு ஊதினான். "மாமா, முதல் நாயனம் சரியில்லை. கத்துது. ரெண்டாவது நல்லா இருக்கு" என்றான்.

பெரியவர் சிரித்தார். "தம்பி, நீ எதைச் சோதிச்சே? நாயனத்தையா, சீவாளியையா?"

தம்பி விழித்தான்.

"ரெண்டையும் ஒண்ணா மாத்திட்டா, குறை எதுல இருக்குன்னு எப்படித் தெரியும்? ஒரே சீவாளி, ஒரே கெண்டை. ஊதுற ஆளும் ஒருத்தர். வாசிக்கிற பாட்டும் ஒண்ணு. நாயனம் மட்டும்தான் மாறணும். அப்பத்தான் ஒப்பிட முடியும்."

தம் பெட்டியிலிருந்து ஒரு சீவாளியை எடுத்துக் கொடுத்தார். தம்பி அதை வாயில் வைத்து ஈரமாக்கினான். 1-ஆம் நாயனத்தில் பொருத்தி ஊதினான். ஒலி கத்தவில்லை. மணி போல வந்தது. குறை அந்தச் சீவாளியில்தான் இருந்தது!

நண்பர்களே, இதுதான் முதல் பாடம். ஒப்பிடும்போது ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மற்றவை அப்படியே இருக்க வேண்டும். இரண்டு வித விதைநெல்லில் எது நல்லது என்று பார்க்கவும் இதே முறைதான். ஒரே வயலில், ஒரே தண்ணீரில், ஒரே உரத்தில் போட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

பிறகு சுருதிப் பெட்டியை வைத்தார்கள். தம்பி ஒவ்வொரு சுரத்தையும் நீளமாக ஊதினான். ச, ப, மேல் ச. மூன்றும் சுருதியோடு தானாகப் போய் ஒட்ட வேண்டும். உதட்டை இறுக்கியும் மூச்சை முட்டியும் இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தால், அந்தக் கருவி ஊதுபவரைக் களைப்படையச் செய்யும். 2-ஆம் நாயனத்தில் மேல் ச சற்று எட்டவில்லை. தம்பியின் கழுத்து நரம்பு புடைத்தது. அக்கா அதைத் தம் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அடுத்து, மத்திம சுரத்தைக் கவனமாகக் கேட்டார்கள். இந்தச் சுரத்துக்குப் பின்னே ஒரு வரலாறு இருக்கிறது. முன்காலத்தில் திமிரி நாயனம் இருந்தது. அது குட்டை. சுருதி அதிகம். அதில் சுத்த மத்திமத்தைச் சுத்தமாகக் கொண்டுவருவது கடினம். நாகசுவரச் சக்கரவர்த்தி என்று பேர் பெற்ற திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்கு அது பெரிய குறையாகப்பட்டது. அவர் 1898-இல் பிறந்து 1956-இல் மறைந்தவர். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து அவர் அந்தக் குறையைத் தீர்த்தார். ஆசாரி நீளமான பாரி நாயனத்தைச் செய்தார். ராஜரத்தினம் அதை ஊதி ஊதிப் பார்த்தார். குழல் நீண்டால் சுருதி தாழும். பாரியில் சுருதி தாழ்ந்தது, நாதம் கனத்தது, மத்திமமும் சரியாக வந்தது. இன்று கச்சேரிகளில் பெரும்பாலும் பாரிதான் ஒலிக்கிறது. செய்பவரின் கையும் வாசிப்பவரின் காதும் சேர்ந்து உழைத்ததால் வந்த பயன் இது.

அடுத்து விரல். பாரி நீளமான கருவி. துளைகளுக்கு இடையே தூரம் அதிகம். பெரியவரின் விரல்கள் நீளம். தம்பியின் விரல்கள் குட்டை. 3-ஆம் நாயனத்தில் கடைசித் துளையைத் தம்பியின் விரல் முழுதாக மூடவில்லை. காற்றுக் கசிந்தது. 1-ஆம் நாயனத்தில் விரல் சரியாக உட்கார்ந்தது.

பெரியவருக்கு 3-ஆம் நாயனம் பிடித்திருந்தது. கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார். பிறகு கீழே வைத்தார். "நான் இன்னும் எத்தனை வருசம் ஊதப்போறேன்? ஊதப்போறது தம்பிதானே. அவன் விரலுக்கும் அவன் மூச்சுக்கும் பொருந்துறதுதான் நல்ல நாயனம்" என்றார்.

தம்பி ஒன்றும் பேசவில்லை. அவன் கண் கலங்கியது.

இன்னும் ஒரு சோதனை பாக்கி இருந்தது. நாயனம் மைதானத்துக் கருவி. கோயில் வாசலில் ஊதினால் அடுத்த லயத்துக்குக் கேட்க வேண்டும். ஊதுபவருக்குப் பக்கத்து ஒலி மட்டும்தான் தெரியும். அதனால் பெரியவர் அக்காவைத் தெருக்கோடிக்கு அனுப்பினார். "திரும்பி நின்னு கேளுங்க அம்மா. எந்த நாயனம்னு பாக்காதீங்க" என்றார்.

"எனக்கு ராகம் தெரியாதே அண்ணே!"

"காது இருக்குல்ல? எது தெளிவா வருது, எது உறுத்தாம இருக்கு, அதை மட்டும் சொல்லுங்க. காசு போட்ட சனமும் தூரத்துல நின்னுதானே கேக்கப்போவுது!"

தவில்காரர் தவிலை எடுத்தார். தம்பி மூன்றையும் மாற்றி மாற்றி ஊதினான். இடையிடையே ஓய்வு கொடுத்தார்கள். தொடர்ந்து கேட்டால் காதும் களைத்துப்போகும். பிறகு வரிசையை மாற்றி இன்னொரு முறை ஊதினான். முதலில் கேட்டது, கடைசியில் கேட்டது என்பதால் மனம் ஏமாறக்கூடாது அல்லவா?

அக்கா திரும்பி வந்தார். முதல் சுற்றில் மூன்றாவதாகக் கேட்டதே நல்லது என்று எழுதியிருந்தார். இரண்டாம் சுற்றில் முதலில் கேட்டதே நல்லது என்று எழுதியிருந்தார். சரிபார்த்தார்கள். இரண்டு முறையும் அது 1-ஆம் நாயனம்! தவில் முழங்கியபோதும் அதன் ஒலி அமுங்கவில்லை.

ஆசாரி மகிழ்ந்தார். தம்பியை அரை மணி நேரம் அதையே வாசிக்கச் சொன்னார். கீழ்த் துளை ஒன்றின் மெழுகைச் சற்றுத் திருத்திக் கொடுத்தார். "மலைக்குளிரில் சுருதி கொஞ்சம் இறங்கும். முதலில் ஊதிச் சூடேற்றிக்கொள்ளுங்கள். அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள். ஊதி முடித்ததும் துடைத்துத் துணியில் சுற்றி வையுங்கள்" என்று சொன்னார்.

அக்கா ரசீது கேட்டு வாங்கினார். எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தார். பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

ஊர் திரும்பியதும் கூட்டம் கூடியது. நாயனத்தைப் பார்த்துத் தலைவர் முகம் சுளித்தார். "இதுல பூண்கூட இல்லையே! யாரைக் கேட்டு இதை எடுத்தீங்க?" என்றார்.

அக்கா எழுந்து நின்றார். நோட்டைப் பிரித்தார். எந்த நாயனம் எப்படி ஒலித்தது, எதில் எந்தச் சுரம் எட்டவில்லை, எதில் விரல் பொருந்தவில்லை, விலை எவ்வளவு என்று வரிவரியாகப் படித்தார். ரசீதையும் காட்டினார். பணம் கொடுத்த ஒவ்வொருவரும் கேட்டார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

தம்பி கோயில் வாசலில் நின்று ஊதினான். மேல் லயத்தில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த பெண்கள் வெளியே வந்து பார்த்தார்கள். தலைவர் சற்று நேரம் கேட்டார். பிறகு, "இதுதான்யா நாயனம்!" என்றார்.

நண்பர்களே! பஞ்சவாத்தியத்துக்குக் கொம்பு வாங்கினாலும், மாதா கோயில் பேண்டுக்கு டிரம்பெட் வாங்கினாலும் முறை இதுதான். கொம்பில் துளை இல்லை. டிரம்பெட்டில் விரலால் அழுத்தும் மூன்று கட்டைகள் உண்டு. இரண்டிலும் சீவாளி இல்லை, உதடுதான் அதிர்கிறது. கருவிகள் வேறு. ஆனால் சோதிக்கும் முறை ஒன்றே. வாசிக்கப்போகிறவரே ஊதிப் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி ஒப்பிட வேண்டும். பக்கத்திலும் தூரத்திலும் கேட்க வேண்டும். எண் போட்டு எழுதி வைக்க வேண்டும். ரசீது வாங்க வேண்டும்.

மினுமினுப்பும் பெரிய மனிதர் சொல்லும் நம் முடிவைத் தீர்மானிக்கக் கூடாது. காது நம்முடையது. காசும் நம்முடையது. எழுத்தும் இப்போது நம்முடையது.