செத்த பிறகு வரும் ஜீப்பு

(கம்பெனி வேலைக்குப் போகும் நம் இளைஞர்களுக்காகப் பள்ளிப்பட்டில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



விடியறதுக்கு முன்னாடி வேன் ஏறுறவங்கதான் இங்க பாதிப் பேர். சிலபேர் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கமே ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறீர்கள். அதனால் கவிதை, இலக்கியம் எல்லாம் இன்னொரு நாள் பேசுவோம். இன்னிக்கு மெஷினைப் பத்திப் பேசுவோம்.

2025 செப்டம்பர் 30. நம்ம மாவட்டம்தான். எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் உயரத்தில் நின்று வேலை செய்தவர்கள் மேலேயே இரும்பு வளைவு சரிந்து 9 பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலும் அஸ்ஸாமிலிருந்து பிழைக்க வந்த பிள்ளைகள். மாநில அரசு ஆளுக்கு 10 லட்சம், பிரதமர் நிதியிலிருந்து 2 லட்சம் என்று அறிவிப்பு வந்தது. பணம் எவ்வளவுன்னு சொல்றதுல ஒரு வேகம் இருக்கு பாருங்க, அது ஏன் சரிஞ்சதுன்னு சொல்றதுல எப்பவும் இருக்கிறதில்ல.

அஞ்சு வருசம் பின்னாடி போவோம். நெய்வேலி. 2020 மே 7, இரண்டாம் அனல்மின் நிலையத்தில் ஆறாவது யூனிட் கொதிகலனில் வெடித்தது. தீக்காயத்தோட ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் 5 பேர் ஒருத்தர் பின்னால் ஒருத்தராகச் செத்தார்கள். அதிகாரிகள் வந்தார்கள், விசாரணை என்றார்கள். ரெண்டு மாசம்கூட முடியல. ஜூலை 1, அதே நிலையம், பக்கத்து யூனிட், அஞ்சாவது. அந்த இடத்திலேயே 6 பேர் பிணம். ஆறு பேரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அடுத்தடுத்த நாள்களில் எண்ணிக்கை பத்தைத் தாண்டியது. அதுக்கப்புறம்தான் நாலு யூனிட்டையும் நிறுத்திப் பாதுகாப்புத் தணிக்கை செய்யச் சொன்னார்கள். ஒரு முன்னாள் என்.டி.பி.சி. இயக்குநர் தலைமையில் குழு போட்டார்கள். பசுமைத் தீர்ப்பாயம் 5 கோடி ரூபாய் இடைக்கால அபராதம் விதித்தது.

ஜூலையில் நிறுத்த முடிந்த யூனிட்டை மே மாசம் ஏன் நிறுத்த முடியவில்லை? நான் கேட்கிறது இந்த ஒரே கேள்விதான். கரண்டு உற்பத்தி நின்னா நஷ்டம் இவ்வளவுன்னு மணிக்கணக்கில் கணக்குப் போட ஆள் இருக்கு. நிறுத்தாம விட்டா எத்தனை உசுருன்னு கணக்குப் போட யாரும் இல்ல.

இதில் சாதி எங்கே வந்தது என்று சில இடதுசாரி நண்பர்கள் கேட்பார்கள். தொழிலாளி என்றால் தொழிலாளிதானே என்பார்கள். அம்பேத்கர் 1938-இல் மன்மாடில், ரயில்வேயில் வேலை செய்த தீண்டப்படாத தொழிலாளர்கள் மாநாட்டில் நின்று, பார்ப்பனியமும் முதலாளியமும் ரெண்டுமே எதிரி என்று சொன்னபோது பதில் சொல்லிவிட்டார். பம்பாய் மில்லில் நெசவுப் பிரிவில் நம்மாளைச் சேர்க்கவில்லை. அறுந்த நூலை எச்சில் தொட்டு முடியணும், அது தீட்டு. கூலி குறைஞ்ச பிரிவில்தான் நம்மாளுக்கு இடம். இன்னிக்கு எச்சில் கணக்கு இல்லை, வேறு கணக்கு. கம்பெனிக்குள்ள கண்ணாடி ரூமில் யார், உலைக்குப் பக்கத்தில் யார், கழிவுநீர்த் தொட்டிக்குள்ள இறங்குறது யார் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அந்தத் தொட்டி விசயத்தையும் சொல்லிவிடுகிறேன். மூடிய தொட்டிக்குள் ஆள் இறங்கணும்னா விசவாயு இல்லைன்னு எழுத்துமூலம் சான்று வேணும், இல்லன்னா மூச்சுக்கருவியும், வெளியே ஒருத்தர் பிடிச்சிருக்கிற கயிறு கட்டின பெல்ட்டும் வேணும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 36-ஆவது பிரிவிலேயே இருந்தது. சட்டம் இல்லாம யாரும் சாகலை. கயிறு இல்லாமத்தான் செத்தாங்க.

சரி, ஆய்வு எப்படி நடக்குது? பவர் பிரஸ்ஸை எடுத்துக்குங்க. ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை அமுக்கினாத்தான் பிரஸ் இறங்கணும். அப்பத்தான் கை உள்ளே இருக்காது. ஒரு பட்டனைக் கம்பி வச்சுக் கட்டிட்டா ஒரு கையிலயே ஓட்டலாம், மணிக்குப் பீஸ் கூடும். கட்டச் சொல்றது சூப்பர்வைசர். கை போனபிறகு "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதுறதும் அவர்தான். தொழிலகப் பாதுகாப்புத் துறை ஜீப்பு வந்து நிக்கறதுக்குள்ள கம்பியை அவுத்துருவாங்க, தரையைக் கழுவிருவாங்க, புது மூடி மாட்டி பெயின்ட்கூட அடிச்சிருவாங்க. ஆய்வாளர் மேனேஜர் ரூமில் டீ குடிச்சிட்டு ரெஜிஸ்டரைப் பார்ப்பார். பக்கத்து மெஷினில் நின்னவனை அன்னிக்கு ஒப்பந்தக்காரர் லீவு போடச் சொல்லியிருப்பார். எல்லா ஆய்வாளரும் இப்படி என்று சொல்லவில்லை. நேர்மையாக வழக்குப் போட்டவர்கள் உண்டு. ஆனால் அந்த நேர்மைக்கும் விலை மலிவு. பழைய சட்டத்தில் சாவு நடந்தால் குறைந்தபட்ச அபராதம் 25,000 ரூபாய். ஒரு மோட்டார் விலைகூட இல்லை.

இப்போது புதுச் சட்டம். தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2020, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. அபராதத்தை 5 லட்சத்துக்குக் குறையாமல் உயர்த்தி, அதில் பாதிக்குக் குறையாமல் குடும்பத்துக்குத் தரச் சொல்லலாம் என்றும் வைத்திருக்கிறார்கள். நல்லது, மறுக்கவில்லை. ஆனால் ஆய்வாளர் பேருக்குப் பின்னால் "ஃபெசிலிடேட்டர்" என்று ஒரு வால். முதலாளிக்கு உதவி செய்கிறவர் என்று அர்த்தம். எந்தக் கம்பெனிக்கு ஆய்வுக்குப் போவது என்பதைக் கம்ப்யூட்டரே குலுக்கி எடுக்கும் ஏற்பாடும் இருக்கிறது. முன்னாடி மின்சாரம் வைத்து 10 பேர் வேலை செய்தால் தொழிற்சாலை. இனி 20 பேர். நம்ம பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டைத் தறிக்கொட்டகையில் 20 பேர் எங்கே இருக்காங்க? பட்டறை, லேத்து, சின்ன உருக்காலை எல்லாமே இந்த ஓட்டையில் தப்பிக்கும்.

நாம என்ன செய்யணும்? சாவு நடந்த வீட்டில் மாலை போட்டு, சாலை மறியல் பண்ணி, தொகை அறிவிச்ச உடனே எழுந்து வர்றோம். பணம் வாங்குவது நம் உரிமை, அதைக் குறை சொல்லவில்லை. ஒப்பந்தக்காரன் ஆளாக இருந்தாலும் நஷ்டஈட்டுக்கு முதன்மை முதலாளியே பொறுப்பு என்று 1923 சட்டத்திலேயே இருந்தது. ஆனா எழுந்து வர்றதுக்கு முன்னாடி ரெண்டு விசயம் கேட்டு வாங்கணும். ஆய்வு நடக்கும்போது அதே ஷிப்டில் நின்ன ரெண்டு பேர், நிரந்தரமோ ஒப்பந்தமோ, கூட இருக்கணும், மேனேஜர் இல்லாம பேசணும். ஆய்வறிக்கை தமிழில் செத்தவர் வீட்டுக்கு வரணும். தரமாட்டேன்னா தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கு, பத்து ரூபாயில் கேட்கலாம்.

கூட்டம் முடிஞ்சதும் அந்த மேசைக்கிட்ட வாங்க. மனு எழுதிக் கொடுக்கத் தம்பிங்க உட்கார்ந்திருக்காங்க. சம்பவம் நடந்த தேதி, ஷிப்டு, மெஷின் பேரு, ஒப்பந்தக்காரர் பேரு, இந்த நாலும் ஞாபகம் பண்ணிச் சொல்லுங்க. புகார் கொடுக்கிறவங்க பேரு வெளியில் போகாம பாத்துக்கறோம்.