மக்கள் மொழியில் ஒரு நலச்செய்தி: தொடர்புத்துறை மாணவி ஒருவரின் அனுபவம்

 

கல்விக்கு உதவி பெற்ற மாணவர்களில் ஒருவர், தாம் படித்ததைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று கேட்டார்கள். தொடர்புத்துறை படிக்கிறேன் என்று சொன்னபோது, "தொலைபேசி பழுதுபார்க்கிற படிப்பா?" என்று கேட்ட உறவினர்கள் எனக்கு உண்டு. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1992ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கல்விக்கூடம் எங்களுடையது. 2006ஆம் ஆண்டு முதல் அது, நம் முன்னாள் அதிபர் வீ கிம் வீ அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதிபராவதற்கு முன் அவர் செய்தியாளராகப் பணியாற்றியவர் என்பது இங்குள்ள மூத்தோருக்கு நினைவிருக்கும். ஒரு செய்தியைச் சேர வேண்டியவரிடம் சேர்ப்பது எப்படி என்பதே எங்கள் படிப்பு.

வேலைப் பயிற்சிக்காகச் சில மாதங்கள் ஒரு சிறிய விளம்பர நிறுவனத்திற்குச் சென்றேன். பெயர் வேண்டாம், என்னை நன்றாகவே நடத்தினார்கள். பிறருக்காகத் துண்டுப் பிரசுரங்களும் சுவரொட்டிகளும் தயாரிப்பது அவர்கள் தொழில். மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் நம் நாட்டின் அதிகாரத்துவ மொழிகள் ஆதலால், பல பிரசுரங்கள் நான்கு பத்திகளாக வரும். நான்காம் பத்தி பெரும்பாலும் தமிழ். அதைப் பார்த்துச் சரிபார்ப்பதே எனக்குக் கொடுத்த வேலை.

அந்தப் பத்தி எப்படி உருவாகிறது என்று அப்போதுதான் கண்டேன். முதலில் ஆங்கில வாசகம் எழுதப்படுகிறது. அதைப் பற்றி வாரக்கணக்கில் பேசுகிறார்கள். ஒரு சொல்லுக்காக மூன்று கூட்டம் நடக்கும். ஒப்புதல் கிடைத்து, படமும் கட்டமும் அமைந்த பிறகு, மொழிபெயர்ப்புக்கு அனுப்புகிறார்கள். தமிழ் வாக்கியம் ஆங்கிலத்தைவிட நீளமாக வரும், கட்டமோ நீளாது. ஆகவே எழுத்தைச் சிறிதாக்கி உள்ளே அடைக்கிறார்கள். போதாக்குறைக்கு, அச்சுக்கோக்கும் கணினி மென்பொருளில் இந்திய மொழிகளுக்குரிய அமைப்பு முடுக்கிவிடப்படாமல் இருந்தால், "கோ" என்னும் ஓர் எழுத்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறி நிற்கும். தமிழ் தெரியாத வடிவமைப்பாளருக்கு அது அழகாகவே தோன்றும். இதில் யாருக்கும் தமிழின்மேல் பகை இல்லை. வேலை நடக்கும் வரிசையே அப்படி. ஆனாலும், கண் மங்கிய முதியோருக்காகத் தயாரிக்கப்பட்ட ஒரு பிரசுரத்தில் எழுத்து எறும்பு ஊர்வதுபோல் இருந்ததைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பயிற்சி முடிந்து கல்லூரி திரும்பியதும் வகுப்புத் திட்டப்பணி வந்தது. நாங்கள் நால்வர்: இரு சீன மாணவர்கள், ஒரு மலாய் மாணவி, நான். நீரிழிவு நோயாளிகள் பாதத்தைக் காத்துக்கொள்வது பற்றிய செய்தியை எடுத்துக்கொண்டோம். சுகாதார அமைச்சு 2016ஆம் ஆண்டில் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது உங்களுக்குத் தெரியும். 2010ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், நீரிழிவு உள்ளவர்கள் சீனரிடையே 9.7 விழுக்காடு, மலாய்க்காரரிடையே 16.6 விழுக்காடு, இந்தியரிடையே 17.2 விழுக்காடு. அதிகம் தேவைப்படுவோருக்கு நான்காம் பத்தி!

வகுப்பில் எங்களுக்குப் பாடமாக வந்த ஒரு கதையைச் சொல்ல வேண்டும். எவரெட் ரோஜர்ஸ் என்னும் அறிஞர், புதுமைகள் மக்களிடையே பரவும் விதம் பற்றி 1962இல் வெளியிட்ட நூலில் உள்ள நிகழ்ச்சி. பெரு நாட்டில் 200 குடும்பங்கள் வாழும் ஒரு சிற்றூர். குடிநீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று ஒரு சுகாதாரப் பணியாளர் இரண்டு ஆண்டுகள் வீடு வீடாகச் சென்று சொன்னார். அவர் பேச்சைக் கேட்டு மாறிய இல்லத்தரசிகள் 11 பேர்தாம். காரணம், அவ்வூரில் ஒவ்வோர் உணவுக்கும் சூடு, குளிர்ச்சி என்னும் குணம் உண்டு. காய்ச்சிய நீர் நோயாளிக்கு உரியது என்பது வழக்கம். நலமாக இருப்பவர் அதைக் குடிப்பாரா? கிருமியைப் பற்றி அவர் சொன்னது முழுவதும் உண்மை. கேட்டவர்களின் வழக்கத்தில் அதற்கு இடமில்லை. இதை ஆசிரியர் விளக்கியபோது என் நண்பர்கள் வியந்தார்கள். பப்பாளி சூடு, இளநீர் குளிர்ச்சி என்று கேட்டு வளர்ந்த எனக்கு அந்த ஊர் பக்கத்து ஊராகத் தெரிந்தது.

ஆகையால், புதிதாக எழுதுவதற்கு முன் ஏற்கெனவே உள்ள ஒரு தமிழ்ப் பிரசுரத்தை எடுத்துக்கொண்டு வீவக அடுக்குமாடிகளின் கீழ்த்தளங்களுக்கும் தேக்கா சந்தைக்கும் போனோம். "புரிகிறதா?" என்று கேட்பதில் பயனில்லை. கேட்கிற பிள்ளையின் முகம் வாடக் கூடாது என்று நம் பெரியவர்கள் தலையாட்டிவிடுவார்கள். படித்ததை அவர்கள் சொல்லிலேயே திருப்பிச் சொல்லும்படி கேட்க வேண்டும், அதுதான் முறை.

ஒரு பாட்டி மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி, தலைப்பை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத் தாளை என்னிடமே நீட்டினார். "இது வேற யாருக்காச்சும் குடும்மா. நீரிழிவுன்னு போட்டிருக்கு. எனக்கு இருக்கிறது இனிப்பு நீரு" என்றார். மலாயில் "கென்சிங் மானிஸ்" என்பார்கள். நம் மக்கள் வாயில் அது இனிப்பு நீர். பதினைந்து ஆண்டாக மருந்து சாப்பிடுகிறவருக்கு, தாளில் இருந்தது தம் நோய்தான் என்று தெரியவில்லை. அதேபோல் பலதுறை மருந்தகம் என்று எழுதியிருந்ததை யாரும் பாலிகிளினிக் என்று எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல தமிழ்ச் சொற்கள் அவை. வானொலியிலும் செய்தித்தாளிலும் அவை வாழ வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் உயிரைக் காக்கும் தாளில் மக்கள் சொல்லும் பக்கத்தில் இருக்கட்டும் என்பது என் கருத்து.

அடுத்து, "வெறுங்காலுடன் நடப்பதை அறவே தவிர்க்கவும்" என்னும் வரி. அதை நான் வாசித்துக் காட்டிய இடமெல்லாம் சிரிப்பு. "செருப்போட சாமி ரூமுக்குள்ள போகச் சொல்றியா தங்கச்சி?" என்று ஓர் அம்மையார் கேட்டார். அந்த ஒரு வரியால் மீதி வரிகளையும் ஒதுக்கிவிட்டார்கள். எங்கள் குழுவின் மலாய் மாணவி, பள்ளிவாசலிலும் இதே கதைதான் என்றார்.

அந்த வரியை எடுத்துவிடலாம் என்று குழுவில் பேச்சு எழுந்தது. எங்களுக்கு வழிகாட்டிய தாதி ஒருவர் உறுதியாக மறுத்தார். இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கூடியிருந்தால் பாதத்தின் நரம்புகள் கெட்டு உணர்ச்சி போய்விடும். இரத்த ஓட்டமும் குறையும். சிறு புண் ஆறாமல் எலும்புவரை சென்றால் விரலையோ காலையோ எடுக்க நேரிடும் என்று விளக்கினார். அவர் சொன்னதன் பொருள் எங்களுக்கு முழுமையாக விளங்கியது தேக்காவில்தான். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு தாத்தா, இடக்காலில் இரண்டு விரல் இல்லாதவர், தாமாகவே எங்கள் பக்கத்தில் வந்து அமர்ந்தார். காலில் ஆணி குத்தியது அவருக்குத் தெரியவே இல்லையாம். தரையில் இரத்தச் சுவடு இருப்பதைப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லித்தான் தெரிந்ததாம். அதன் பிறகும், வலி இல்லையே என்று பல நாள் விட்டுவிட்டார். "வலிச்சிருந்தா நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க மாட்டேனாம்மா?" என்றார்.

அன்று இரவே நாங்கள் ஆங்கிலத்தில் வைத்திருந்த தலைப்பை எடுத்துவிட்டோம். "வலி இல்லை என்றாலும் பாருங்கள்" என்பது தமிழில் முதலில் பிறந்து, பிறகு மற்ற மூன்று மொழிகளுக்கும் போனது. வரிசை ஒரு முறை தலைகீழானதில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சி, மறைப்பானேன்?

பிரசுரம் போய், பெரிய எழுத்தில் ஓர் அட்டை வந்தது. இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, என்று தொடங்கும். தினமும் உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள், கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்காதீர்கள். வீட்டுக்குள் நடக்கத் தனியாக ஒரு செருப்பு வைத்துக்கொள்ளுங்கள். வெறுங்காலுக்கு விதிவிலக்காக வழிபாட்டுத்தலத்தைச் சொல்லவில்லை. வெயில் ஏறித் தரை சுடுவதற்கு முன் போய் வாருங்கள், இடம் கொடுத்தால் காலுறை அணியுங்கள், திரும்பியதும் கால் கழுவித் துடைத்து உள்ளங்காலைப் பாருங்கள் என்று எழுதினோம். ஒவ்வொரு வரியையும் தாதி பார்த்த பிறகே அச்சுக்குக் கொடுத்தோம். முன்பு சிரித்த அந்த அம்மையார் இம்முறை சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்கும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார். தாத்தாவின் குரலை ஒரு நிமிட ஒலிப்பதிவாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். படிக்க முடியாதவர்களிடம் அட்டையைவிட அதுவே அதிகம் சென்றது என்று நினைக்கிறேன். எத்தனை பேர் உண்மையில் காலைப் பார்க்கத் தொடங்கினார்கள் என்று அளந்து சொல்ல எங்களுக்குக் கால அவகாசம் இல்லை. பருவம் முடிந்தது, மதிப்பெண் வந்தது, நாங்கள் பிரிந்தோம்.

அட்டை மட்டும் நிற்கவில்லை. மறு அச்சுக்குச் சில அன்பர்கள் பொருளுதவி செய்தார்கள். அவர்களில் சிலர் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு என் நன்றி. வாசலில், காலணி வைக்கும் இடத்தருகே உள்ள மேசையில் கட்டுக்கட்டாக வைத்திருக்கிறோம். வீட்டில் இனிப்பு நீர் உள்ள பெரியவர் இருந்தால் ஒன்று எடுத்துச் செல்லுங்கள். எழுத்து இன்னும் சிறிதாக இருப்பதாக அவர்கள் சொன்னால் எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள். அடுத்த பதிப்பில் பெரிதாக்குகிறோம்.