மண்டபம் பார்க்கும் முன்

(பொன்விழா ஆண்டில் நடந்த திருமணத் தயாரிப்பு நாளில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



திருமணத்துக்கு ஆயத்தமாகும் உங்களோடு சில நடைமுறைக் காரியங்களைப் பேசும்படி பங்குப் பேரவையினர் கேட்டுக்கொண்டனர். இறையியல் பேசப் போகிறேன் என்று அஞ்ச வேண்டாம். இன்று நாள்காட்டியைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

திருமணக் காரியமாகப் பங்கு மனைக்கு வருகிறவர்களில் பலர் சொல்வது இதுதான்: "சாமி, மண்டபம் பேசியாச்சு, பத்திரிகை அடிக்கக் கொடுத்தாச்சு. பூசைக்கு நேரம் மட்டும் சொல்லுங்க." அதாவது, நாளைக் குறித்தவர் மண்டபக்காரர். சாமியாருக்குக் கடைசியில்தான் தகவல். இதில் என் மரியாதை குறைந்துவிட்டதென்று நான் வருந்தவில்லை. வருத்தத்துக்குக் காரணம் வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், கோவிலில் என்னென்ன தேவை என்று பார்ப்போம். இருவருடைய திருமுழுக்குச் சான்றிதழும் அண்மையில் எடுத்ததாக இருக்க வேண்டும். சிறுவயதில் எடுத்துப் பெட்டியில் வைத்த தாள் உதவாது. ஏனென்றால், ஒருவருக்குத் திருமணம் நடந்தால் அந்தச் செய்தி அவருடைய திருமுழுக்குப் பதிவேட்டிலும் குறிக்கப்படும். புதிய சான்றிதழ்தான் அவர் மணமாகாதவர் என்று காட்டும். பிறந்த ஊர் தொலைவில் இருந்தால் அதை வாங்கவே நாளாகும். உறுதிபூசுதல் பெறாதவர்கள் அதைப் பெற வேண்டும். இருவருடைய பங்கிலும் மூன்று முறை ஓலை வாசிக்க வேண்டும். திருமணத் தயாரிப்பு வகுப்புக்கும் போக வேண்டும். திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் நாம் திருமணம் வைப்பதில்லை. சாம்பல் புதன் ஆண்டுதோறும் மாறுவதால், தை கடைசியிலிருந்து பங்குனி வரை நாள் பார்க்கிறவர்கள் கோவில் நாள்காட்டியை முதலில் பாருங்கள். ஆகவே, குறைந்தது மூன்று மாதத்துக்கு முன்பே வாருங்கள்.

இப்போது என் வருத்தத்தைச் சொல்கிறேன். 2006-ஆம் ஆண்டு, வேறொரு பங்கில் இருந்தேன். ஒரு பெண்ணின் திருமணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது வீட்டார் வந்தார்கள். திருமண விசாரணைக்குப் பெண்ணை உட்கார வைத்தேன். தகப்பனார் கதவோரம் நின்றார். "யாருடைய வற்புறுத்தலும் இல்லையே அம்மா?" என்று கேட்டேன். அவள் தகப்பனாரைப் பார்த்தாள். பிறகு, "இல்லை சாமி" என்று கையெழுத்துப் போட்டாள்.

அந்தப் பார்வையை நான் கண்டேன். ஆனால் பத்திரிகை ஊரெல்லாம் போய்விட்டது, சமையலுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. நானும் பேசாமல் இருந்துவிட்டேன். இரண்டு ஆண்டுகள் கழித்து, கைக்குழந்தையோடு தாய் வீட்டுக்குத் திரும்பியிருந்த அவள் என்னைப் பார்க்க வந்தாள். "அன்னைக்கு எங்கப்பாவை வெளியே இருக்கச் சொல்லியிருந்தா, எனக்குச் சம்மதமில்லைன்னு சொல்லியிருப்பேன் சாமி" என்றாள். கேள்வியை நான் கேட்டேன். பதில் சொல்ல இடம் கொடுக்கவில்லை. அது என் குற்றம். அன்று முதல் பெண்ணையும் பையனையும் தனித்தனியாக, கதவைச் சாத்திவிட்டு விசாரிக்கிறேன். பெற்றோர் கோபித்துக்கொண்டாலும் சரியே.

1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தின்படி, வற்புறுத்தலாலோ பெரும் அச்சத்தாலோ நடக்கும் திருமணம் செல்லாது. மணமக்களின் சுதந்திரமான சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது. அதைக் கேட்டு ஏற்க ஒரு குருவும், இரண்டு சாட்சிகளும் வேண்டும். பந்தலும் மேளமும் விருந்தும் மகிழ்ச்சிக்காக நாம் சேர்ப்பவை. ஆனால் முன்பணம் கொடுத்த பிறகு "வேண்டாம்" என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? மூன்று மாதம் கேட்பது தாள்களுக்காக மட்டுமல்ல. உண்மை பேசவும் அவகாசம் வேண்டும்.

அந்த மூன்று மாதத்தில் இருவரும் மனம்விட்டுப் பேசுங்கள். உண்மையான சம்பளம் எவ்வளவு? கடன் உண்டா? நோய் உண்டா? எங்கே குடியிருப்பது? வயதான பெற்றோரை யார் பார்ப்பது? மணமான பின் பெண் வேலைக்குப் போவாளா? கல்யாணச் செலவை யார் ஏற்பது என்பதையும் பேசுங்கள். விருந்து ஒரு நாளில் முடிந்துவிடும்; வட்டி முடியாது. வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 'பிள்ளைக்கு அன்பளிப்பு' என்று பெயர் மாற்றிக் கேட்டாலும் அது வரதட்சணைதான்.

கானாவூர்த் திருமணத்திலும் குறை இருந்தது. தேவதாய் அதை மறைக்கவில்லை, ஆண்டவரிடம் சொன்னார்கள். சொன்ன பிறகே தண்ணீர் இரசமாயிற்று. உங்கள் வீட்டுக் குறையையும் திருமணத்துக்கு முன்பே ஒருவருக்கொருவர் சொல்லிவிடுங்கள்.

இன்னுமொரு காரியம். கோவில் பதிவேட்டில் கையெழுத்திட்டதோடு நின்றுவிடாதீர்கள். 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி, எந்த மதத்தவரானாலும் 90 நாளுக்குள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும்.

ஆகவே பிள்ளைகளே, மண்டபம் பார்க்கப் புறப்படும் முன் பங்கு மனைக்கு வாருங்கள். கதவு திறந்திருக்கும். உங்களைத் தனியாகக் கேட்கும்போது மட்டும் அதைச் சாத்துவேன். திருக்குடும்பத்தின் ஆசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக. ஆமென்.