குழந்தையின் எலும்பும் குளிர்நாட்டு வெயிலும்



வயிறு நிறைய உண்ணும் குழந்தைக்கும் வரக்கூடிய ஊட்டக்குறைபாட்டு நோய் ஒன்று உண்டு. றிக்கெற்ஸ் எனப்படும் எலும்பு மென்மை நோயே அது. வளரும் எலும்பில் கல்சியமும் பொசுபரசும் போதிய அளவு படியாதபோது கால்கள் வளைகின்றன, மணிக்கட்டு தடிக்கிறது, நடை பிந்துகிறது. குருதியில் கல்சியம் மிகக் குறைந்தால் வலிப்பும் உண்டாகலாம்.

இங்கிலாந்து மருத்துவர் பிரான்சிஸ் கிளிசன் 1650 இலேயே இந்நோயைப் பற்றி நூல் எழுதினார். ஆயினும், 1919 இல் எட்வேர்ட் மெலன்பி நாய்க்குட்டிகளில் நடத்திய ஆய்வுகளே உணவுக்கும் இதற்குமுள்ள தொடர்பை நிறுவின. மீன் ஈரல் எண்ணெய் உண்ட குட்டிகளை நோய் அணுகவில்லை. அதற்குக் காரணமான சத்தே பின்னர் விற்றமின் டி எனப் பெயர் பெற்றது.

குடலிலிருந்து கல்சியத்தை உடல் போதிய அளவில் ஏற்க இச்சத்து வேண்டும். அது பெரும்பாலும் வெயில்படும் தோலில் உருவாகிறது. உணவில், கொழுப்புள்ள மீன், முட்டை மஞ்சட்கரு போன்ற சிலவற்றிலேயே இயல்பாக உண்டு. யாழ்ப்பாணத்து முற்றத்தில் ஆண்டு முழுவதும் கிடைத்த வெயிலின் பயன் இலண்டனிலோ ஒஸ்லோவிலோ குளிர்காலத்தில் கிடைப்பதில்லை. கருமையான தோலுக்கோ மேலும் கூடுதலான வெயில் தேவை.

தாய்ப்பாலுக்கு நிகரான உணவில்லை. எனினும் அதில் விற்றமின் டி மிகக் குறைவு. தாயிடமே அச்சத்து குறைந்திருந்தால் சேயும் குறைந்த இருப்புடனேயே பிறக்கிறது. இது தாயின் குற்றமன்று. வாழுமிடம் மாறியதன் விளைவு. பாலை நிறுத்திவிட்டு, கல்சியம் சேர்க்கப்படாத அரிசிப் பானம் முதலியவற்றை ஈடாகக் கொடுப்பதும் குறையை வளர்க்கும்.

ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தெற்காசியக் குடும்பங்களின் பிள்ளைகளிடையே இந்நோய் காணப்பட்டது. 1979 முதல் அங்கு விற்றமின் டி துளிகள் இலவசமாக வழங்கப்பட்டபின் அது பெரிதும் குறைந்தது. எளிய தீர்வே போதுமானதாயிற்று.

தாய்ப்பால் அருந்தும் குழந்தைக்குப் பிறந்தது முதல் ஓராண்டு வரை நாளொன்றுக்கு 8.5 முதல் 10 மைக்ரோகிராமும், 1 முதல் 4 வயது வரையான பிள்ளைக்கு 10 மைக்ரோகிராமும் கொடுக்குமாறு பிரித்தானிய சுகாதாரத்துறை அறிவுறுத்துகிறது. நாளொன்றுக்கு அரை லீற்றருக்கு மேல் புட்டிப்பால்மா அருந்தும் கைக்குழந்தைக்கு இது தேவையில்லை. அளவு மிஞ்சினால் தீங்காகும். எனவே மருத்துவரையோ சுகாதாரத் தாதியையோ கேட்டே கொடுத்தல் வேண்டும்.

இளையோர்க்கும் ஒரு கடமை உண்டு. துளிமருந்துப் பெட்டியில் எழுதப்பட்டிருப்பதை அம்மம்மாவுக்கும் அப்பம்மாவுக்கும் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். "வளர வளரக் கால் நிமிர்ந்துவிடும்" என்று வீட்டிலுள்ளோர் காத்திருந்தால், மருத்துவரிடம் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். காலத்தோடு கண்டறிந்தால் பெரும்பாலும் குணமாகும் நோய் இது.