பழைய பாட்டும் புதிய பாட்டும்



கோவையில் நான் தொழும் ஆலயத்தில் ஞாயிறுதோறும் இரண்டு ஆராதனைகள் நடைபெறுகின்றன. காலையில் ஆர்கன் ஒலிக்கப் பாமாலையும் கீர்த்தனையும் பாடுவோர் முதியோர். மாலையில் கிதாரும் டிரம்சும் முழங்கக் கைதட்டிப் பாடுவோர் இளைஞர். "இது கோயிலா, கொட்டகையா?" என்று முதியோர் முணுமுணுக்கின்றனர். "உங்கள் பாட்டைக் கேட்டால் உறக்கம் வருகிறது" என்று இளைஞர் நகைக்கின்றனர். முணுமுணுத்தவருள் நானும் ஒருவன்.

இவ்வழக்கு நேற்றுத் தோன்றியதன்று. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கும் அவர்பின் வந்த ஜெர்மானியப் போதகர்களும் தம் நாட்டு ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கினர். சொல் தமிழ், மெட்டோ ஐரோப்பியம். மெட்டு நீளுமிடத்தில் குறில் வந்து விழுந்தால், அதனை நெடிலாக இழுத்தே பாடவேண்டும். இன்றைய பாமாலைகளிலும் இவ்விடர்ப்பாட்டைக் காணலாம். இதற்கு மாற்றாக, பல்லவி, அனுபல்லவி, சரணம் என நம் இராக தாளங்களில் கிறிஸ்தவக் கீர்த்தனைகளை இயற்றியவருள் தலையாயவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). ஆயினும் அவர் காலத்தில் தஞ்சைக்கு வந்த இளைய மிஷனரிமார் சிலர், அத்தமிழிசையை ஆராதனைக்கு ஏற்றதாகக் கொள்ளவில்லை. சாஸ்திரியார் அதனை எதிர்த்து எழுதினார். 1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து வெளியிட்டார். நாளடைவில் அவை தமிழ்ச் சபைகளெங்கும் பரவின. இன்று நாங்கள் பழமையென்று போற்றுவது, அன்று வாயிலில் நிறுத்தப்பட்ட புதுமையே அன்றோ!

இதனை நான் நூலில் படித்திருந்தேன், உணர்ந்தது பிறகுதான். சில ஆண்டுகளுக்கு முன், சோமனூரில் நோயுற்றுக் கிடந்த ஒரு மூதாட்டியின் இல்லத்தில் ஜெபிக்க இளைஞர் சிலருடன் சென்றிருந்தேன். அவர்கள் கிதாரை மீட்டிப் புதுப்பாட்டொன்றைப் பாடினர். அம்மூதாட்டி, "கண்ணுகளா, பழைய கீர்த்தனை ஒண்ணு பாடுங்க" என்றார். பல்லவிக்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்கோ பாட்டு முழுதும் தெரியும், பாட மூச்சில்லை. அப்போது ஒரு பெண், "ஐயா, நீங்கள் அடியைச் சொல்லுங்கள், நாங்கள் பாடுகிறோம்" என்றாள். நான் ஒவ்வோர் அடியாகச் சொன்னேன். கிதார் வைத்திருந்த பையன் சுருதியைத் தேடிப் பிடித்தான். மூதாட்டியின் விரல்கள் கட்டிலின் சட்டத்தில் தாளமிட்டன.

பாடம் தெரியாத பிள்ளையை வகுப்பில் நான் வெறுமனே கடிந்ததில்லை, கற்பித்தேன். ஆலயத்தில் மட்டும் கற்பிக்காமலே கடிந்து வந்தேன். என் பிழை அன்று விளங்கிற்று.

இப்போது அவ்விளைஞர் திங்களுக்கொரு கீர்த்தனையை என்னிடம் கற்கின்றனர். நான் அவர்களுடைய பாட்டொன்றைக் கற்கிறேன். தாளம் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. அவர்கள் பொறுமையாகவே இருக்கின்றனர்.

மாணவ நண்பர்களே, நீங்கள் எச்சமயத்தினராயினும், உங்கள் இல்லத்து முதியோரிடம் ஒரு பாட்டைக் கேட்டு மனனம் செய்யுங்கள். உங்கள் பாட்டொன்றை அவர்களுக்குக் கற்பியுங்கள். அவர்கள் கேட்கும் நாளில் பல்லவியோடு நின்றுவிடாதீர்கள்.