வெள்ளத்தில் மூழ்கிய உழவு இயந்திரத்தை மீட்பது எப்படி?

(கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



வடகீழ்ப் பருவமழையை நம்பியே நாம் பெரும்போகத்தைத் தொடங்குகின்றோம். அம்மழையே சில ஆண்டுகளில் வெள்ளமாகப் பெருகி நம் பயிரையும் பொருளையும் அழித்துவிடுகின்றது. 2011 சனவரியில் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலும், 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிலும், 2025 நவெம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது நாட்டின் பெரும்பகுதியிலும் வெள்ளம் புகுந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வெள்ளத்தின் பின் பயிரைப் பேணும் முறைகளைப் பற்றி முன்னர் பேசியிருக்கின்றோம். இன்று நான் பேச விரும்புவது, நீரில் மூழ்கிய உழவு இயந்திரத்தையும் நீரிறைக்கும் இயந்திரத்தையும் மீட்பதைப் பற்றியாகும்.

நான் கூறப்போகும் அனைத்திலும் முதன்மையானது ஒன்றே. நீரில் மூழ்கிய இயந்திரத்தை, அதன் உள்ளிருக்கும் நீரையும் பழுதான எண்ணெயையும் வெளியேற்றாமல் ஒருபோதும் இயக்கக்கூடாது. மற்றவற்றை மறந்தாலும் இதனை மறக்கவேண்டாம்.

இதனை நான் ஒரு தவறு செய்தே கற்றுக்கொண்டேன். 2018 ஆம் ஆண்டு வெள்ளம் வடிந்தபோது நான் உத்தியோகத்திற்குப் புதியவன். முதிய கமக்காரர் ஒருவர் என்னிடம் வந்து, “ஐயா, லான்ட்மாஸ்ரர் இரண்டு நாள் தண்ணீருக்குள் கிடந்தது. இனி என்ன செய்யலாம்?” என்று கேட்டார். விதையையும் பசளையையும் பற்றி நன்கு படித்திருந்த எனக்கு, இயந்திரத்தைப் பற்றித் தெளிவான அறிவு இருக்கவில்லை. “தெரியாது” என்று கூற வெட்கப்பட்டு, “இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு இயக்கிப் பாருங்கள்” என்று கூறிவிட்டேன். அவர் அவ்வாறே செய்தார். இயந்திரமும் இயங்கியது. ஆனால் ஒரு மணி நேரத்திற்குள் பெரும் ஓசையுடன் நின்று இறுகிவிட்டது. அதனைக் கழற்றிப் பார்த்த திருத்துநர், அடியிலிருந்த எண்ணெயை ஒரு பாத்திரத்தில் ஏந்தி எனக்குக் காட்டினார். அது பால் தேநீரைப்போல் கலங்கியிருந்தது. அந்த எண்ணெயில் ஓடியதால் உள்ளிருந்த தாங்கிகள் எரிந்துபோயிருந்தன. திருத்துவதற்காக அவர் இரண்டு பசுக்களை விற்றார். அழிந்துபோன மிளகாய்த் தோட்டத்தை உழுது சின்ன வெங்காயம் நடுவதற்கு அவர் எண்ணியிருந்த காலமும் கடந்துவிட்டது. அவர் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அதுவே எனக்குப் பெரிய பாடமாயிற்று.

வெயிலில் வெளிப்புறம் காய்ந்துவிடும், உட்புறம் காயாது. நீர் எண்ணெயினும் பாரமானது. ஆகவே உள்ளே புகுந்த நீர் எண்ணெய்க்குக் கீழே சென்று தங்கிவிடும். மேலே மூடிக்கிடக்கும் எண்ணெய் அதனை ஆவியாக விடாது. இயந்திரம் சுழலும்போது இரண்டும் கலந்து கடையப்பட்டு, வழுவழுப்பில்லாத குழம்பாகின்றன.

இன்னொரு தீமையும் உண்டு. டீசல் இயந்திரத்தின் சிலிண்டரினுள் காற்றானது ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக அமுக்கப்படுகின்றது. காற்று அமுங்கும், நீரோ அமுங்காது. சிலிண்டரினுள் நீர் இருக்கும்போது இயந்திரத்தை வேகமாகச் சுழற்றினால், பிஸ்ரனைத் தாங்கும் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். திருத்துநர் ‘கொனெக்ரிங் றொட்’ என்று கூறுவது இதனையே.

இனி, செய்யவேண்டியவற்றை ஒழுங்காகக் கூறுகின்றேன்.

முதலாவதாக, வெள்ளம் எவ்வளவு உயரத்திற்கு ஏறியது என்று பாருங்கள். இயந்திரத்தின்மேல் படிந்த சேற்றுக்கோடு அதனைக் காட்டும். சில்லு மாத்திரம் நனைந்திருந்தால் வேலை சிறிது. காற்று வடிகட்டிக்கு மேல் நீர் ஏறியிருந்தால் சிலிண்டரினுள்ளும் நீர் புகுந்திருக்குமென்றே கொள்ளவேண்டும். பற்றறி பூட்டிய இயந்திரமாயின் அதன் மறை முனையை முதலில் கழற்றிவிடுங்கள். கைவைக்குமுன் இயந்திரத்தின் இடுக்குகளைத் தடியால் தட்டிப் பாருங்கள். வெள்ளத்திற்கு ஒதுங்கிய பாம்புகள் அங்கே தங்கியிருத்தல் கூடும். காலில் காயமுள்ளவர்கள் வெள்ளநீரில் இறங்காதிருப்பது நன்று. எலிக்காய்ச்சல் அவ்வழியே பரவுகின்றது.

இரண்டாவதாக, இயந்திரத்தை மேட்டுக்கு இழுத்துவந்து நல்ல நீரால் சேற்றைக் கழுவுங்கள். இழுக்கும்போது கியரில் விடாதீர்கள், எஞ்சின் சுழன்றுவிடும். களப்பு நீரோ கடல் நீரோ கலந்த வெள்ளமாயின் இக்கழுவுதலை இன்னும் விரைந்து செய்யவேண்டும். உப்பு இரும்பை வெகுவிரைவில் அரிக்கும். நன்னீரில் மூழ்கியதேயாயினும், வெளியே எடுத்துக் காற்றுப் பட்டவுடன் துரு பிடிக்கத் தொடங்கும். ஆகவே எடுத்த அன்றே அடுத்த வேலைகளையும் செய்யுங்கள்.

மூன்றாவதாக, எஞ்சினின் அடியிலுள்ள வடிதிருகைக் கழற்றுங்கள். முதலில் நீரும் பின்னர் எண்ணெயும் வெளிவரும். அதனை ஒரு வாளியில் ஏந்துங்கள். வாய்க்காலிலோ வயலிலோ ஊற்றவேண்டாம். பயிருக்கும் கிணற்றுக்கும் அது கேடு. கியர்ப் பெட்டியையும் சுழல் கலப்பையின் பெட்டியையும் இவ்வாறே திறந்து பாருங்கள். எண்ணெய் வெண்மையாகக் கலங்கியிருந்தால் முழுவதையும் வடித்துவிட வேண்டும்.

நான்காவதாக, டீசல் தாங்கியை முற்றாக வடித்து, எரிபொருள் வடிகட்டியின் கிண்ணத்தைக் கழுவி, புதிய வடிகட்டி இடுங்கள். டீசலின் அடியில் தங்கிய சிறிதளவு நீரும் எரிபொருட் பம்பியையும் இன்ஜெக்டரையும் பழுதாக்கும். அவ்விரண்டையும் நீங்கள் பிரிக்கவேண்டாம். அது பயிற்சி பெற்றவரின் வேலை. காற்று வடிகட்டியையும் கழற்றிக் கழுவுங்கள். கடதாசி வடிகட்டியாயின் புதியதை இடுங்கள்.

ஐந்தாவது வேலையே மிகுந்த பொறுமை வேண்டியது. திருத்துநர் ஒருவரைக்கொண்டு இன்ஜெக்டரைக் கழற்றுவித்து, எஞ்சினைக் கைபிடியால் மெல்ல மெல்லச் சுற்றுங்கள். சிலிண்டரில் உள்ள நீர் அத்துவாரத்தின் வழியே வெளியேறும். முகத்தை அதற்கு நேரே வைக்காதீர்கள். சுற்றுவதற்குச் சிறிது தடை தோன்றினாலும் நிறுத்துங்கள், பலத்தைக் காட்டவேண்டாம். நீர் வருவது நின்றபின் சிலிண்டரினுள் சிறிது எஞ்சின் எண்ணெய் விட்டு மீண்டும் சில முறை சுற்றுங்கள்.

ஆறாவதாக, புதிய எண்ணெய் ஊற்றி, இன்ஜெக்டரைப் பூட்டி, எரிபொருட் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றிய பின்னரே இயந்திரத்தை இயக்கவேண்டும். பாரமேற்றாமல், குறைந்த வேகத்தில், சில நிமிடம் மாத்திரம் ஓடவிட்டு நிறுத்துங்கள். எண்ணெயைப் பாருங்கள். அது மீண்டும் வெண்மையாகக் கலங்கியிருந்தால் வருந்தாமல் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். சிலவேளைகளில் இரண்டு மூன்று முறை இவ்வாறு மாற்ற நேரிடும். விலையைப் பார்த்து முதல் எண்ணெயுடனேயே நின்றுவிடுபவர்கள் பலர். ஆயினும், சில லீற்றர் எண்ணெயின் விலை ஓர் எஞ்சினின் விலைக்கு ஈடாகாது.

இறுதியாக, பெல்ட்டுகளையும் கிளச்சையும் பிரேக்கையும் சேறில்லாமல் துடைத்து உலர்த்துங்கள். சில்லுத் தாங்கிகளுக்கு, பழைய கிறீஸ் வெளிவரும்வரை புதிய கிறீஸ் இடுங்கள். நாலுசில்லு உழவு இயந்திரமாயின் ஸ்ராட்டரையும் டைனமோவையும் கழற்றி உலர்த்தியபின்னரே பற்றறியை இணைக்கவேண்டும்.

தோட்டக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பெற்றோலில் அல்லது மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரத்திற்கும் முறை இதுவேதான். இங்கு இன்ஜெக்டருக்குப் பதிலாகப் பிளக்கைக் கழற்றி, சுவிட்சை நிறுத்திவைத்து, கயிற்றை மெல்ல இழுத்து நீரை வெளியேற்றுங்கள். தாங்கியையும் காபரேற்றரையும் வடித்துக் கழுவுங்கள். இவ்வேளையில் அருகில் பீடியோ விளக்கோ இருக்கலாகாது. மின்மோட்டர் நனைந்திருந்தால் நிலைமை வேறு. பிரதான சுவிட்சை நிறுத்தாமல் அதனைத் தொடவும் கூடாது. நீங்கள் நிற்கும் நிலத்தில் நீர் நின்றால் சுவிட்சின் அருகிலும் செல்லக்கூடாது. மின்வேலை அறிந்தவர் அதனை உலர்த்திச் சோதித்த பின்னரே இயக்கவேண்டும். இயந்திரம் போனால் வாங்கலாம். உயிர் போனால் வாங்க முடியாது.

வருமுன் காப்பது இவையனைத்திலும் இலகுவானது. மழை தொடங்குமுன் உங்கள் காணியில் வெள்ளம் ஏறாத மேடு எதுவென்று வீட்டாருடன் பேசித் தீர்மானியுங்கள். குளத்தின் கதவுகள் திறக்கப்படவுள்ளன என்ற அறிவித்தல் கேட்டவுடன், இரவென்றும் பாராமல் இயந்திரத்தை அங்கே கொண்டுசெல்லுங்கள். சிறிய நீரிறைக்கும் இயந்திரங்களை வீட்டுப் பரணில் ஏற்றிவிடலாம். கொண்டுசெல்ல வழியில்லாவிடில், காற்று வடிகட்டியின் வாயையும் புகைக்குழாயையும் பொலித்தீனால் இறுகக் கட்டுங்கள். அது வெள்ளத்தை முற்றாகத் தடுக்காது. ஆயினும் உட்புகும் நீரையும் சேற்றையும் பெரிதும் குறைக்கும். இயக்குமுன் அக்கட்டை அவிழ்க்க மறக்கவேண்டாம்.

பெருமக்களே, வெள்ளம் வடிந்தவுடன் வேலைகள் பல ஒன்றாக வந்து நெருக்கும். வரம்பு உடைந்திருக்கும், நாற்று அழிந்திருக்கும், அயலவரின் இயந்திரம் ஓடும் ஓசை காதில் விழும். நம்முடையதையும் இயக்கிப் பார்ப்போமே என்று அவ்வேளையில் கை துடிக்கும். பதறாத காரியம் சிதறாது என்பதை அப்போது நினைவுகூருங்கள். ஒரு நாள் பொறுத்தால் இயந்திரம் மறுபோகத்திற்கும் உதவும். ஐயம் இருந்தால் உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்திற்கு வந்து கேளுங்கள். எனக்குத் தெரிந்ததைக் கூறுவேன். தெரியாதவிடத்து, தெரியாது என்று கூறி, தெரிந்தவரிடம் உங்களை நானே அழைத்துச் செல்வேன்.